வலைக்குள் கிடந்த நாலாம் நம்பர்

நான் ரிட்டயர்டு என்று சொன்னால் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முப்பதைத் தொடவில்லை, தலையில் ஒரு நரை கிடையாது, ஆனாலும் ரிட்டயர்டுதான். கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் கொடியோடு ஓடும் துணை ரெஃப்ரி வேலை என்னுடையது. ஊரில் அதற்கு லைன்ஸ்மேன் என்று பெயர்; ஓடுவது பொம்பளை என்பதற்காக அந்தப் பெயரை யாரும் மாற்றியதில்லை, நானும் கேட்டதில்லை. வலது முட்டி கைவிட்டது, வேலையை விட்டேன். இப்போது தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு ஜூனியர் பையனின் வாய்க்கொழுப்பு. பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் இனி வீடியோ பார்த்துத் தீர்ப்பு சொல்லப்போகிறார்களாம் என்று எங்கள் ஜில்லா ரெஃப்ரிகளின் வாட்ஸ்ஆப் குரூப்பில் செய்தி வந்தது. கீழே அவன், "அப்போ இனி கொடி புடிக்கவங்க எதுக்குக்கா, கேமராவே போதும்லா" என்று போட்டு, பல்லைக் காட்டும் பொம்மையும் சேர்த்திருந்தான். பதில் தட்ட ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, முழுசாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வேகமாகத் தட்டுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்க வேண்டாம், திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. முட்டம்தான் ஊர். அங்கே பந்து ஆடாத வீட்டைத் தேடினால்கூடக் கிடைக்கலாம், ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்லாத ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. படிக்கும்போது கல்லூரி அணியில் ஆடினேன். சுமாராகத்தான் ஆடுவேன், ஆனால் சத்தமாக ஆடுவேன். ஒரு ஆட்டத்தில் லைன்ஸ்மேனோடு சண்டை போட்டேன். அன்றைக்கே ரூல் புத்தகத்தை டவுன்லோடு செய்து வாசித்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் அதே மனுஷனோடு பக்க எண் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் கொடியை என் கையில் திணித்து, நீயே பிடி என்று போய் உட்கார்ந்துவிட்டார். பிடித்தேன். அப்புறம் பரீட்சை, லைசென்ஸ், ஜில்லா, மாநிலம், தேசியப் பட்டியல். அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு எங்கள் கடற்கரைத் திருவிழாக் கோப்பைகளில் நடந்தது. சுண்ணாம்புக்கோடு போடுவார்கள், அதன் மேலேயே கூட்டம் உட்கார்ந்திருக்கும். நான் ஓடி வரும்போது காலை மடக்குவார்கள், தாண்டியதும் நீட்டுவார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் மடக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்கு மறந்துபோகும். குளச்சலில் ஒரு ஆட்டம். முன்கள ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு போகிறான், ஆஃப்சைடு இல்லை, நான் கொடியை இறக்கியே வைத்திருக்கிறேன். பின்னால் நின்ற ஒருவர் பொறுக்கமாட்டாமல் என் கையோடு சேர்த்துக் கொடியைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். ரெஃப்ரி விசிலும் ஊதிவிட்டார்.

அந்த ரெஃப்ரி நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். இன்னும் மேலே நின்றுகொண்டிருந்த கொடியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இதுல எது ஒனக்க கை?" என்று கேட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொடியைத் தூக்கியவர் கையை எடுத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தார். அப்படித்தான் நஜீப் சாரை எனக்குத் தெரியும்.

குளச்சல்காரர். வீட்டில் கருவாடு வியாபாரம். இவர் மட்டும் வங்கியில் வேலை. மைதானத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு முன் ஷூவுக்கு மட்டுமல்ல, அதன் நாடாவுக்கும் ஒரு துடைப்பு உண்டு. காலுறையை இஸ்திரி போட்டு எடுத்துவரும் மனிதரை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. வாயில் ஒரு கிராம்பு. கோபம் வந்தால் அதை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றுவார். அவர் அப்படி மாற்றுவதைப் பார்த்தே, எச்சரிக்கைக் கார்டு வாங்குவதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்ட கேப்டன்கள் உண்டு.

அவர் கூட வேலை பார்ப்பது லேசில்லை. முதல் சட்டம், கிளப் பெயரைச் சொல்லக் கூடாது, நிறம்தான். இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் மஞ்சள். பெயர் சொன்னால் கூடவே அதன் பழைய கோப்பைகளும் மனசுக்குள் வந்துவிடும் என்பது அவர் கட்சி. அடுத்தது, காதில் மாட்டிய ஹெட்செட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது. அதையும் இங்கிலீஷில் பேச வேண்டும். மற்ற துணை ரெஃப்ரிகள் வெளிமாநிலத்துக்காரர்களாக இருப்பார்கள், எல்லோருக்கும் புரிய வேண்டுமே. ஒருமுறை நான் ஏதோ விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்க காதுல ரேடியோ நாடகம் நடத்தாதே மக்கா என்றார். அதற்கப்புறம் என் பேச்சு சுருங்கியது. மைதானத்துக்குள் மட்டும்.

கோல் விழுந்ததும் செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். பந்து வலைக்குள் போனதும் உலகமே பந்தைப் பார்க்கும். ரெஃப்ரி பந்தைப் பார்ப்பதில்லை, எங்களைப் பார்ப்பார். கோல் சுத்தம் என்றால் துணை ரெஃப்ரி கோட்டோரமாக நடுமைதானத்தை நோக்கி ஓட வேண்டும். ஆஃப்சைடு என்றால் கொடி மேலே. வேறு ஏதாவது இடித்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அவர் வந்து கேட்பார். எங்கள் காலும் கையும்தான் தீர்ப்பு.

ஆஃப்சைடு என்பதைத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கூட ஆடுபவன் பந்தை உதைக்கும் நொடியில், முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணி ஆட்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். வழக்கமாக ஒன்று கீப்பர், இன்னொன்று கடைசி டிஃபெண்டர். அதனால் எங்கள் பிழைப்பே அந்தக் கடைசி டிஃபெண்டரோடுதான். அவன் ஏறினால் நாமும் ஏற வேண்டும், அவன் இறங்கினால் நாமும் இறங்க வேண்டும், அவனுக்கு நேராகவே நிற்க வேண்டும். சில வருஷத்தில் இது மூளையை விட்டுக் காலுக்குப் போய்விடும். டிஃபெண்டர்கள் கூட்டமாக மேலே ஓடினால், யோசிப்பதற்கு முன் நம் கால் ஓடியிருக்கும். எங்கள் வேலையின் கெத்து அதில்தான். குழியும் அதில்தான்.

தேசியக் கோப்பை இறுதி ஆட்டம் அந்த வருஷம் திருவனந்தபுரத்தில். நஜீப் சார் மெயின் ரெஃப்ரி. வயசு வரம்பு முடிவதால் அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். எனக்கு முதல் ஃபைனல். முட்டியின் நிலைமை தெரிந்த டாக்டர், அடுத்த சீசனைப் பற்றி என்னிடம் பேசவே வராதே என்று சொல்லியிருந்தார். அதனால் எனக்கும் அதுவே கடைசி என்பது எனக்கும் அந்த டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

முந்தின நாள் கூட்டத்தில் போட்டிக் கமிட்டிக்காரர் ஒருவர் என்னை மாற்றச் சொன்னார். காரணம் இரண்டு வைத்திருந்தார். கன்னியாகுமரி ஜில்லா பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து வேன் வேனாக ஆள் வரும், சொந்தக்காரர்கள் கத்தினால் இந்தப் பெண் கலங்கிவிடும் என்பது ஒன்று. முட்டியில் பட்டை கட்டியிருக்கிறாள், கடைசி நிமிஷத்தில் ஓடாமல் நின்றுவிட்டால் கோப்பையே கேலியாகிவிடும் என்பது மற்றது. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஃபிட்னஸ் டெஸ்ட்டில் அவர் பரிந்துரைத்த ஆளுக்கு முன்னால் நான் ஓடி முடித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நஜீப் சார் கிராம்பை மாற்றினார், வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கும் அதே ஜில்லாதான், அப்படியென்றால் என்னையும் மாற்றிவிடுங்கள் என்று அவர் இங்கிலீஷில் சாந்தமாகச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் இப்போது என் கொடி தப்பாகப் போனால் என் பெயர் மட்டும் போகாது. இவ்வளவு காலம் ஒரு கறை இல்லாமல் ஊதிய மனிதர், கடைசி ஆட்டத்தில் கோப்பையைத் தப்பான கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஆகும். அதுவும் எனக்காக வாய் திறந்ததால்.

ஆட்டத்தன்று காலை இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் பேப்பர் வாசித்தார். குழித்துறை தாண்டும்போது பேப்பரை இறக்காமலே, முட்டி எப்பிடி இருக்கு என்று கேட்டார். இருக்கு சார் என்றேன். இருந்தாப் போதும் என்றார்.

கமிட்டிக்காரர் சொன்னது பாதி சரி. வேன்கள் வந்திருந்தன. நான் ஓட வேண்டிய கோட்டுக்கு நேர் பின்னால் இருந்த கேலரியில் முட்டத்தில் பாதி உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் மஞ்சள் சட்டையோடு என் அண்ணன் ஆன்றோ. மஞ்சள் அணியின் பையன்கள் எங்கள் பக்கம் திருவிழா ஆட்டங்களுக்கு வந்து ஆடுகிறவர்கள்; எங்கள் வீட்டில் வந்து மீன்குழம்பு சாப்பிட்டவனும் அதில் உண்டு. நீல அணி வடகிழக்கிலிருந்து வந்தது, ஊரில் ஒருத்தனுக்கும் அவர்களைத் தெரியாது. ஊர் முழுக்க எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாதியில் நீலம் ஒரு கோல், இரண்டாம் பாதியில் மஞ்சள் ஒரு கோல். நடுவில் மஞ்சளுக்கு எதிராக ஒரு ஆஃப்சைடு தூக்கினேன், சுத்தமான ஆஃப்சைடு. உடனே பின்னாலிருந்து அண்ணன் குரல்.

"ஏட்டி ஷைனி, ஒனக்கு வீட்டுல சோறு கெடையாது கேட்டியா."

கேலரி சிரித்தது. நானும் சிரித்தேன், முகத்தை மைதானத்தின் பக்கமே வைத்துக்கொண்டு. இவர்கள் கத்தினால் நான் கலங்குவேனாம். குளச்சலில் என் கையைப் பிடித்துத் தூக்கிய கூட்டத்தைக் கண்டவள் நான்.

கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் மனசைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, நான் கவனிக்கும் பாதி மைதானத்தில் நீலத்துக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மறுபக்க மூலையிலிருந்து உதைக்கிறார்கள். கார்னர் என்றால் எனக்கு இடம் இந்தப் பக்க மூலைக்கொடிக்குப் பின்னால், கோல் கோட்டுக்கு நேராக. போய் நின்றேன். இங்கிருந்து பார்த்தால் கோல் கோடு நூல் பிடித்ததுபோல் தெரியும்.

பந்து உயர்ந்து வந்தது. நீலத்தில் ஒருவன் எகிறித் தலையால் முட்டினான். கீப்பரைத் தாண்டிவிட்ட பந்தை மஞ்சள் நாலாம் நம்பர், நல்ல உயரமான டிஃபெண்டர், சறுக்கிக்கொண்டே வந்து கோட்டின் மேலிருந்து தட்டிவிட்டான். அருமையான தடுப்பு. ஆனால் வந்த வேகத்தில் நிற்க முடியாமல் கோல் கோட்டைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தான்.

தட்டிவிட்ட பந்து வெளியே போகவில்லை. பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்து துள்ளிக்கொண்டிருந்தது. மஞ்சள் அணியில் மீதி அத்தனை பேரும், கீப்பரைத் தவிர, ஒரே மூச்சில் மேலே ஓடினார்கள். பயிற்சி எடுத்த அணி அப்படித்தான் செய்யும். ஓடிவிட்டால் பின்னால் நிற்கும் நீல ஆட்கள் எல்லோரும் ஆஃப்சைடில் மாட்டுவார்கள்.

என் கால் கிளம்பப் பார்த்தது. நிஜமாகவே குதிகால் எழும்பிவிட்டது. டிஃபெண்டர்கள் ஓடுகிறார்கள், நீயும் ஓடு என்கிறது உடம்பு. அதே நொடியில், நாலாம் நம்பர் வலைக்குள் எழுந்திருக்காமல் கிடப்பது என் கண்ணில் பட்டது. ஒரு கை வலையைப் பிடித்திருக்கிறது. தலையைத் தூக்கி என்னைத்தான் பார்க்கிறான். அடிபட்டவன் லைன்ஸ்மேனைப் பார்க்க மாட்டான்.

ரூல் இதுதான். ஒரு டிஃபெண்டர் ரெஃப்ரியின் அனுமதி இல்லாமல் மைதானத்துக்கு வெளியே போய்விட்டால், ஆட்டம் நிற்கும்வரை, அல்லது அவன் அணி பந்தை முன்னோக்கி உதைத்து அது பெனால்டி பாக்ஸை விட்டு வெளியேறும்வரை, அவன் கோட்டின் மேல் நிற்பதாகவே கணக்கு. இல்லாவிட்டால் ஆபத்து வரும்போதெல்லாம் டிஃபெண்டர்கள் கோட்டுக்கு வெளியே குதித்து எதிரணியை ஆஃப்சைடு ஆக்கிவிடுவார்களே. பந்து இன்னும் பாக்ஸுக்குள்தான். ஆக நாலாம் நம்பர் கணக்கில் உண்டு. கீப்பர் ஒன்று, அவன் ஒன்று. கோடு ஓடிப்போனவர்களோடு போகவில்லை. கோல் கோட்டிலேயே கிடக்கிறது. நானும் அங்கேயேதான் நிற்க வேண்டும்.

நின்றேன்.

நீலத்தில் ஒருவன் துள்ளிய பந்தைக் கோலை நோக்கி அடித்தான். கீப்பருக்கு நேர் முன்னால் தன்னந்தனியாக நின்ற நீல ஒன்பதாம் நம்பர் காலை நீட்டி அதைத் திசை மாற்றினான். பந்து உள்ளே. போன பந்து வலையைக்கூடத் தொடவில்லை, உள்ளே கிடந்த நாலாம் நம்பரின் நெஞ்சில் பட்டு நின்றது.

மஞ்சள் அணி மொத்தமும் கையைத் தூக்கி என்னைப் பார்த்துத் திரும்பியது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது; கண்ணால் பார்த்தால் அது ஆஃப்சைடின் தாய். ஒன்பதாம் நம்பருக்கு முன்னால் கீப்பர் மட்டும்தான், மற்ற அத்தனை மஞ்சளும் ரொம்ப தூரம் மேலே. என் பின்னால் கேலரி எழுந்துவிட்டது. எந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. வலைக்காரர் வீட்டு ஜெகன், ஐஸ் கம்பெனி ராஜன் மாமா, எங்கள் கோயில் பாட்டுக்குழு முழுசும். எல்லாவற்றுக்கும் மேலே ஆன்றோ, கொடிய தூக்குட்டி, கொடிய தூக்குட்டி என்று தொண்டை கிழிகிறான்.

நஜீப் சார் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மூன்று வார்த்தைதான் அனுமதி. இங்கிலீஷ் வாய்க்கு வரவில்லை.

"நாலு வலைக்குள்ள சார்" என்றேன்.

அவரும் இங்கிலீஷை விட்டுவிட்டு, நிச்சயம்தானா என்று ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

"ஒறப்பா?"

"ஒறப்பு."

"அப்ப ஓடு மக்கா."

ஓடினேன். மூலைக்கொடியிலிருந்து நடுமைதானம் வரைக்கும் அந்தக் கேலரியின் முன்னால், முட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக, கொடியைக் கீழே பிடித்துக்கொண்டு ஓடினேன். முட்டி வலித்ததா என்று கேட்டால் வலித்தது. அதற்காக ஓட்டத்தைக் குறைக்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் காலடியில் விழுந்தது, தாண்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் ஓடியதில்லை. பின்னாலிருந்து விசில் கேட்டது, கோலுக்கான விசில்.

மஞ்சள் கேப்டன் நஜீப் சாரை நோக்கிப் பாய்ந்து வந்தான். சார் கிராம்பை மாற்றினார். அவன் நின்றுவிட்டான். கூட வந்த வேறொருவன் நிற்கவில்லை, அவனுக்கு ஒரு கார்டு. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. நீலம் கோப்பையைத் தூக்கியது. என் பின்னாலிருந்த கேலரி எனக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒன்றிரண்டு எங்கள் குடும்பத்தையே சேரும் என்பதால் ஆன்றோ அதற்கு மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஆட்டத்துக்கு வீடியோ ரெஃப்ரி கிடையாது. ஆனால் எங்களுக்கு மார்க் போட வந்த அதிகாரி லேப்டாப்போடு ரெஃப்ரிகள் அறைக்குள் வந்தார். பின்னாலேயே கமிட்டிக்காரர். உட்காருவதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். நான் பயந்தபடியே ஆச்சு, முட்டி பிடித்துக்கொண்டது, அவளால் டிஃபெண்டர்களோடு மேலே ஏற முடியவில்லை, மூலையிலேயே மாட்டிக்கொண்டாள், நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஆன்சைடாகத்தானே தெரியும் என்றார். அப்புறம் அவள் நடுமைதானம் வரை எதில் போனாள், ஆட்டோவிலா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. நஜீப் சார் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

அதிகாரி லேப்டாப்பைத் திறந்தார். வீடியோவை ஓட்டினார், நிறுத்தினார், கொஞ்சம் பின்னால் தள்ளினார், மறுபடி நிறுத்தினார். திரையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, மஞ்சள் நாலாம் நம்பர் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கமிட்டிக்காரர் மேலே ஓடும் கூட்டத்தில் தேடினார். அங்கே இல்லை. குனிந்து தேடினார். வலைக்குள்ளிருந்து ஒரு காலும் ஒரு கையும் தெரிந்தன.

அதிகாரி எழுந்து நஜீப் சாருக்குக் கை கொடுத்தார். அப்புறம் எனக்கு. எனக்குக் கொடுத்த கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் குலுக்கினார். நான் இதை மிகைப்படுத்தவில்லை, சாட்சி இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு மஞ்சள் அணியின் கோச் வந்தார். சண்டைக்கு என்று நினைத்து எழுந்தேன். அவருக்கும் யாரோ வீடியோவைக் காட்டிவிட்டார்கள். முகம் தொங்கிப்போயிருந்தது, ஆனால் பேச்சு நேராக வந்தது.

"அவன் வேணும்னேதான் எந்திரிக்காம கெடந்தான் மோளே. வெளிய கெடந்தா ஆஃப்சைடு ஆயிரும்னு நெனச்சுட்டான். மண்டன்."

பாருங்கள், எழுந்து ஒரு எட்டு வைத்து ஒன்பதாம் நம்பரை மறித்திருந்தால் கோலே விழுந்திருக்காது. அவ்வளவு அருமையாகக் கோட்டின் மேலிருந்து பந்தைத் தட்டிய ஆள், ரூலைப் பாதி மட்டும் தெரிந்துவைத்திருந்ததால் கோப்பையை விட்டான். கோச் எனக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மனுஷன்.

அறை காலியானதும் நஜீப் சார் காலுறையைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார். அவருடைய கடைசி ஆட்டத்தின் காலுறை. அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"நான் பாத்ததுல அது ஆஃப்சைடு மக்கா. நாலாம் நம்பர் எங்க போனான்னு நான் பாக்கல."

அப்படியென்றால் அவர் கண்ணால் கண்டதற்கு எதிராக, நாட்டின் முன்னால், கடைசி ஆட்டத்தில்.

"பின்ன எதுக்கு சார் கோல் குடுத்தீங்க?"

"நீ ஒறப்புன்னு சொன்னியே."

அவ்வளவுதான். பையை மூடிவிட்டு, சாயா குடிப்போமா என்றார். நான் பல பரிசுகள் வாங்கியிருக்கிறேன், அலமாரியில் இருக்கின்றன. இது அந்த அலமாரியில் கொள்ளாது.

மறுநாள் ஊரில் நிலைமை வேறு. சந்தைக்குப் போன அம்மையிடம் ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. ஆன்றோ என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை வீட்டுக்குள் நடந்து நடந்து காட்டிக்கொண்டிருந்தான். நான் விளக்கவும் போகவில்லை. கொடி சொல்லிவிட்டது, அதற்குப் பொழிப்புரை எதற்கு. சாயங்காலம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் டீக்கடையில் அவன் கூட்டாளிகளோடு போனில் அந்தக் கோலையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தானாம். எத்தனையாவது தடவையோ, யாரோ வீடியோவை நிறுத்தி, இதென்ன வலைக்குள்ள ஒரு காலு கெடக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தான். ரூல் புத்தகம் எங்கே என்று கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். அதை வாசித்தான். என்னைப் பார்த்தான். மன்னிப்பெல்லாம் கேட்கும் ரகம் கிடையாது எங்கள் வீட்டில்.

"நாளைக்கி நெய்மீன் வாங்கட்டா?" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு அவனைவிடப் பெரிய வக்கீல் கிடையாது. கடற்கரையில் மீன்கூடைகளை வரிசையாக வைத்து, இது கீப்பர், இது ஒன்பதாம் நம்பர், இந்தா கவிழ்ந்து கிடக்கு பாரு, இதுதான் நாலாம் நம்பர் என்று ஊரில் எவன் மாட்டினாலும் பிடித்து நிறுத்தி வகுப்பெடுத்தான். எதிர்த்துப் பேசியவர்கள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். ராஜன் மாமா மட்டும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்.

இதோ, அந்த ஜூனியர் தம்பிக்கான பதில். கேமரா வரட்டும். நல்லதுதான், நான் எதிரி கிடையாது. கால், கை, வலை எல்லாவற்றையும் அது என்னைவிடத் தெளிவாகப் படம் பிடிக்கும். ஆனால் கோட்டை எங்கே இழுக்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அன்றைக்கும் கேமரா இருந்தது, மைதானத்தைச் சுற்றி நிறைய இருந்தன. அந்தக் கமிட்டிக்காரர் அதன் படத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, மேலே ஓடுகிறவர்களின் நடுவில் போய் நாலாம் நம்பரைத் தேடினார். நீ ரூலைப் படி. முழுசாகப் படி. பாதி படித்தவன் வலைக்குள் கிடந்த கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்றபின் வந்த முதல் திருவிழாக் கோப்பை முட்டத்தில். நான் கூட்டத்தோடு கூட்டமாகக் கோட்டின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன், லைன்ஸ்மேன் வரும்போது மடக்கினேன். ஒரு தாக்குதலில் டிஃபெண்டர் ஒருவன் சறுக்கி வெளியே போய் விழுந்தான். அந்தக் கணமே, லைன்ஸ்மேன் யோசிக்கும் முன்பே, மைதானத்தைச் சுற்றியிருந்த மொத்த ஊரும், ஆணும் பெண்ணும், தூக்காத லேய், கொடிய தூக்காத லேய் என்று சேர்ந்து குரல் கொடுத்தது. அவன் தூக்கவில்லை. கோல். சரியான கோல். நாட்டில் வேறெந்த ஊரிலும் இந்த ரூலுக்கு இத்தனை ஆள் சாட்சி கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. இப்போது லைன்ஸ்மேன்களுக்கு வேறு தொல்லை. தாங்கள் ஆதரிக்கும் அணி கோல் போட்டு, ஆஃப்சைடு என்று கொடி ஏறிவிட்டால், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களையும் டிஃபெண்டர் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன ஆட்டத்தில் அப்படி வாதாடிக் கார்டு வாங்கியது வேறு யாருமில்லை, எங்கள் ஆன்றோ.